மெத்தை உறையில் முளைக்கும் மணிகள்

எழுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் எழுதிய கடிதம் சில வாரங்களாக நமது மேசையிற் கிடக்கிறது. சமையற் குறிப்பும் தோட்டக் குறிப்பும் கேட்டு வரும் கடிதங்களின் நடுவே இஃது சற்று வேறானது. அவருடைய மாமி பக்கவாதத்தினால் ஓராண்டாகக் கட்டிலோடு இருப்பவர். அவருடைய மெத்தைக்கென்று நல்ல விலை கொடுத்துப் புதிய உறை வாங்கியிருக்கிறார்கள். இரண்டு மாதம் செல்வதற்குள் உறையின் மேற்பரப்பெங்கும் கடுகளவிலும் அதனிற் சிறிதாகவும் பிசிறு உருண்டை உருண்டையாய்த் திரண்டுவிட்டது. மாமிக்கு அது குத்துகிறது. "கல்லிலே போட்டு அடித்தால் புதுச்சீலை வேறு எப்படி இருக்கும்?" என்று மச்சாள் சொல்லுகிறார். கடைக்காரரும் அதையே சொல்லி அனுப்பிவிட்டாராம். "ஐயா, குற்றம் என் கையிலா, துணியிலா? இவற்றை எடுக்க வழி ஏதும் உண்டா?" என்று கேட்டுக் கடிதத்தை முடிக்கிறார் அச்சகோதரி.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுவோம். அவர் எழுதியனுப்பிய விவரங்களைக் கொண்டு பார்த்தால், குற்றத்தில் முக்காற் பங்கு துணியினுடையது. எஞ்சிய காற்பங்கு மாத்திரமே துவைத்த கையைச் சாரும். அக் காற்பங்கிலும் கிணற்று நீருக்கு ஒரு கூறு உண்டு. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே ஆராய்வோம். இவ்வுருண்டைகளை ஒரு வசதிக்காகப் பிசிறுமணி என்று வழங்குவோம்.

பருத்தி நூல் என்பது ஒரே நெடிய இழையன்று. ஏறத்தாழ ஓரங்குல நீளமுள்ள எண்ணற்ற நுண்ணிய மயிர்களை நிரைப்படுத்தி முறுக்கியதே நூல். அம்மயிர்களை ஒன்றாய்ப் பிடித்து வைத்திருப்பது பசையுமன்று, முடிச்சுமன்று. முறுக்கினால் உண்டாகும் உராய்வு ஒன்றே. மயிர் ஒவ்வொன்றுக்கும் முனைகள் இரண்டு. அவற்றுட் சில எப்பொழுதும் நூலுக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருக்கும். துணி தேய்படத் தேய்பட மேலும் பல முனைகள் வெளியே இழுபட, துணியின்மேற் புகைபடிந்தாற்போல ஒரு மென்சுணை படரும். சுணை மேலும் உருளும்போது மயிர்கள் ஒன்றோடொன்று சிக்கிப் பந்தாகும். அப்பந்தைத் துணியோடு கட்டி நிறுத்துபவை, ஒரு முனை பந்திலும் மறுமுனை நூலினுள்ளும் இருக்கும் சில இழைகள். அவற்றை நங்கூர இழைகள் என்னலாம். நங்கூரம் அறுந்தால் மணி தானே உதிர்ந்துவிடும். அறாவிட்டால் இருந்த இடத்திலேயே இருந்து பெருக்கும்.

ஆதலால் பிசிறுமணி தோன்றுவது ஒரு செய்தி, அது தங்குவது மற்றொரு செய்தி. தூய பருத்தித் துணியிலும் மணி தோன்றத்தான் செய்கிறது. ஆனால் பருத்தி மயிர் பலமுறை வளைந்து நிமிர்ந்தால் முறிந்துபோகும் இயல்புடையது. நாலைந்து சலவையில் மணி உதிர்ந்து துணி மீண்டும் மழமழப்பாகிறது. நம் பாட்டிமார் காலத்து விரிப்புகள் பழகப் பழக மிருதுவானதன் இரகசியம் இதுவே. இன்று கடைகளில் மலிந்து கிடக்கும் உறைகளிற் பல அவ்வாறானவை அல்ல. அவற்றுள் நூற்றுக்கு 65 பங்கு பொலியெஸ்டரும் 35 பங்கு பருத்தியும் கலந்த துணி மிகச் சாதாரணம். பொலியெஸ்டர் இழை எளிதில் முறியாது. பருத்தி மயிர்கள் பந்தைத் திரட்டிக் கொடுக்க, பொலியெஸ்டர் இழை அதற்கு உருக்குக் கம்பிபோல நங்கூரமிட்டு நிற்கிறது. இரண்டில் எது தனியே இருந்தாலும் இவ்வளவு தொல்லை இராது. கூட்டுறவே கேடாய் முடிந்தது.

பொலியெஸ்டர் இழை பழைய சங்கதியன்று. இங்கிலாந்தில் மன்செஸ்டரைத் தலைமையிடமாகக் கொண்ட துணி அச்சிடுவோர் சங்கத்தின் ஆய்வாளர்களான வின்பீல்ட், டிக்சன் என்னும் இருவர் 1941 இல் அதனை ஆக்கினர். பின்னர் டெரிலின் என்ற பெயரோடு அது நம் நாட்டுக்கும் வந்தது. கசங்காத சட்டை, விரைவில் உலரும் சேலை என்று அதனைப் போற்றாதார் அக்காலத்தில் இல்லை. அப்புகழ் பொய்யுமன்று. மழைக்கால மட்டக்களப்பில் இரண்டு நாளைக்கு வெயில் முகம் காணாத வீட்டில், சீக்கிரம் உலரும் துணியின் அருமை குழந்தைகளுள்ள தாய்மாருக்குத் தெரியும். எனினும் சட்டைக்கு உகந்தது மெத்தைக்கும் உகந்ததாக வேண்டும் என்ற நியதி இல்லை. சட்டையை நாம் சுமந்து திரிகிறோம். மெத்தை உறையோ நம்மைச் சுமக்கிறது.

எங்கள் கல்லூரி ஆய்கூடத்தில் இத்தகைய மணியொன்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து மாணவரைப் பார்க்கச் செய்வதுண்டு. பருத்தி மயிர் முறுக்கிய நாடாபோலத் தட்டையாகத் தோன்றும். பொலியெஸ்டர் கண்ணாடிக் கோல்போல வழுவழுவென்று உருண்டிருக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே நீலமும் சிவப்புமான இழைகள் சிக்கியிருப்பதைக் காணும் மாணவன் தவறாமல் ஒரு கேள்வி கேட்பான்: வெள்ளை உறையில் நீல இழை எங்ஙனம் வந்தது? அது தகப்பனாரின் சாரத்திலிருந்து வந்தது. பொலியெஸ்டர் தேய்படும்போது நிலைமின்னேற்றம் பெற்று, அயலில் உள்ள தூசியையும் பிறதுணிகளின் பிசிறையும் தன்பால் ஈர்க்கும். வெள்ளை உறையில் மணிகள் அழுக்கு நிறமாய்த் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். அழுக்கென்று எண்ணி மேலும் தேய்த்துத் துவைப்பவர் மேலும் மணிகளையே உண்டாக்குகிறார்.

இனி, நமது பிரதேசத்துக்கே உரிய காரணங்கள் சில உண்டு.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை, மணல் நிலம். எத்துணை கூட்டினாலும் படுக்கையறைக்குள் மணல் வரும். பாதத்தோடு ஒட்டிக் கட்டிலிலும் ஏறும். உறைக்கும் உடம்புக்கும் நடுவே கிடக்கும் மணல் உரைதாளின் வேலையைச் செய்கிறது. வைகாசி, ஆனியில் கச்சான் வீசும் காலத்தில் புழுக்கமும் வியர்வையும் சேர்ந்து மனிதர் இரவெல்லாம் புரண்டு புரண்டு படுக்கின்றனர். ஈரமான பருத்தி இழை நூலிலிருந்து எளிதில் நழுவி வெளியே வரும். மணிகள் எங்கே மிகுதி என்று ஒருமுறை பாருங்கள்: தோள் படும் இடம், இடுப்பு படும் இடம், குதிகால் படும் இடம். பித்தவெடிப்புள்ள குதிகால் ஒன்றே ஒரு நல்ல உறையைக் கெடுக்கப் போதும். உறங்குமுன் காலைக் கழுவித் துடைத்துச் சிறிது தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வது பாதத்துக்கும் நன்று, உறைக்கும் நன்று. எண்ணெய் நன்றாகச் சுவறிய பின்னரே படுக்க வேண்டும் என்பதை ஆண்மக்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கும்.

மெத்தையின் உள்ளீடும் கவனிக்கத்தக்கது. தும்பு மெத்தையாயின் மேற்றுணி பழுதடைந்தவுடன் தும்பின் முனைகள் உள்ளிருந்து உறையைக் குத்தித் தேய்க்கும். அப்பொழுது மணிகள் உறையின் உட்புறத்திலும் காணப்படும். இலவம்பஞ்சு மெத்தை அவ்வாறு குத்தாது. ஆனால் பள்ளமும் மேடுமாய்க் கட்டிபட்டுப் போனால் உறை இறுக நில்லாமல் சுருங்கி மடிந்து தன்னோடு தானே உராயும். இரண்டுக்கும் கைகண்ட பரிகாரம், மெத்தைக்கும் உறைக்கும் இடையே நன்றாய்ப் பழகிய நூற்சேலை ஒன்றை மடித்து விரிப்பதே. பன்பாயை இடையில் விரிப்போரும் உளர். அது குளிர்ச்சிதான்; ஆயினும் பாயின் வரம்புகள் உறையைத் தேய்க்கும். பாயின் குளிர்ச்சியை விரும்புவோர் மெத்தையை விடுத்துப் பாயிலேயே படுக்கலாம். நம்மைக் கேட்டால் கோடையில் அதுவே சுகம்.

அடுத்தது நீர். கரையோரக் கிணறுகள் பல கோடையில் உவர்ப்பேறுகின்றன. கல்சியம், மகனீசியம் ஆகியவற்றின் உப்புகள் மிகுந்த வன்னீரில் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்தால் நுரை வாராது; கரையாத வெண்படை ஒன்று தோன்றித் துணியில் ஒட்டும். நுரை வரவில்லையே என்று மேலும் சவர்க்காரம், மேலும் தேய்ப்பு, மேலும் அடி. உலர்ந்தபின் துணி மொரமொரப்பாய்ச் சொரசொரக்கிறது. நம் சகோதரியின் காற்பங்குக் குற்றம் இங்கேதான் நிகழ்கிறது. அதுவும் அவர் வேண்டிச் செய்ததன்று. சலவைத்தூளோ திரவச் சலவைப் பொருளோ வன்னீரில் இவ்வாறு படையாகாது. சவர்க்காரக் கட்டிதான் கைக்குப் பழக்கம் என்பவர் மாரிகாலத்தில் கூரைநீரைப் பிடித்து வைத்து உறைகளுக்குப் பயன்படுத்தலாம், மழைநீர் மென்னீர். முன்னரே படை பிடித்துச் சொரசொரத்துப்போன உறையை, ஒரு வாளி நீரில் அரைக்கோப்பை வினாகிரி கலந்து சிறிது நேரம் ஊறவைத்து, நல்ல நீரில் அலசிவிடலாம். வினாகிரியை வெளிற்றும் திரவத்தோடு ஒருபோதும் கலக்கலாகாது, நச்சுவாயு எழும்.

இருக்கின்ற மணிகளை நீக்கும் வழிக்கு வருவோம். இதிலே முதல் விதி: விரலாற் பிடுங்காதீர்கள். மணி கையோடு வருவது கண்ணுக்கு இன்பமாக இருக்கும். ஆனால் நங்கூர இழை அறாமல் நூலிலிருந்து மேலும் ஒரு நீளம் வெளியே உருவப்படுகிறது. அடுத்த மணிக்கு வித்து அதுவே. வெட்ட வேண்டும், இழுக்கலாகாது. மீதி எல்லாம் இவ்வொரு விதியின் விரிவே.

உறையை நன்கு துவைத்து உலர்த்தி, மெத்தையின்மேலேயே இறுக விரித்துக்கொள்க. மெத்தைதான் இவ்வேலைக்கு ஏற்ற மேசை. காலையிலோ மாலையிலோ யன்னல் வழியே வெளிச்சம் சாய்வாக விழும் நேரத்தைத் தெரிந்தெடுங்கள். உச்சிவெயிலில் தெரியாத மணிகள் சாய்ந்த ஒளியில் நிழலோடு எழுந்து நிற்கும்.

வீட்டில் உள்ள கருவிகளுள் நமக்கு மிகவும் பிடித்தது பேன்சீப்பு. நெருங்கிய பற்களையுடைய அச்சீப்பைத் துணியோடு ஒட்டச் சாய்த்து மெல்ல நகர்த்தினால் மணிகள் பற்களின்மேல் ஏறி நிற்கும். சீப்பின் முதுகோடு ஒட்டிக் கூரிய சிறு கத்தரிக்கோலால் அவற்றை நறுக்கிவிடலாம். சீப்புத் துணிக்கும் கத்தரிக்கும் நடுவே காவலாய் நிற்பதனால் துணி வெட்டுப்படும் அச்சம் குறைவு. பொறுமை வேண்டும், கட்டில் அகலத்தையும் ஒரே நாளில் முடிக்க எண்ணாமல், தோள், இடுப்பு, குதிகால் என்று மணி மிகுந்த இடங்களை முதலிற் செய்யலாம். இதற்கெனப் புதிதாய் ஒரு சீப்பு வாங்குவது நன்று என்று சொல்லத் தேவையில்லை.

பற்றரியில் இயங்கும் சிறு துணிச்சவரப் பொறிகள் இப்பொழுது நகரக் கடைகளில் கிடைக்கின்றன. துளையிட்ட மூடிக்குக் கீழே சுழலும் அலகு, துளைவழி நுழையும் மணியை அரிந்து ஒரு கிண்ணத்திற் சேர்க்கும். பெரிய உறைக்கு இதுவே விரைவான வழி. அழுத்தாமல், சிறுசிறு வட்டமாக நகர்த்த வேண்டும். கிண்ணம் பாதி நிறைந்ததும் கொட்டிவிட வேண்டும். தையல் விளிம்பு, பொத்தான், இறப்பர் நாடா கோத்த ஓரம் ஆகியவற்றுக்கு இரண்டு விரல் தள்ளியே நிறுத்திக்கொள்க. புதிய சவர அலகைக் கொண்டும் இவ்வேலையைச் செய்வார் உண்டு. தடித்த, நெருக்கமாய் நெய்த துணியில், ஒரே திசையில், அலகைப் படுக்கவைத்து இழுத்தால் பலன் தரும். மெல்லிய துணியிலும் பின்னல் துணியிலும் கூடாது. பனியன் துணிபோல நீண்டு சுருங்கும் உறைகள் நெய்யப்பட்டவை அல்ல, பின்னப்பட்டவை. ஒரு கண்ணி அறுந்தால் ஏணிபோல ஓடிவிடும்.

பாத்திரம் துலக்கும் பச்சை நாரினால் உரைத்தால் மணி போகும் என்று ஒரு சாரார் சொல்வர். போவது மெய்தான், அத்தோடு நூலின் மேற்புறமும் கிளறப்பட்டுப் பத்து மணி போன இடத்தில் முப்பது மணிக்கு வேண்டிய சுணை எழும். கம்பளிச் சட்டைக்குப் பயன்படுத்தும் நுரைக்கல்லும் அவ்வாறே. ஒட்டுநாடா, உதிர்ந்து கிடக்கும் பிசிறை ஒற்றி எடுக்க உதவுமேயன்றி, நங்கூரமிட்ட மணியை ஒன்றும் செய்யாது.

இன்னொன்றைக் கடுமையாகவே எச்சரிக்கிறோம். துணியாலைகளில் நெசவு முடிந்த துணியை எரிவாயுச் சுடரின்மேல் மிக வேகமாக ஓட்டிச் சுணையைப் பொசுக்குவார்கள். இதனைக் கேள்வியுற்ற சிலர் வீட்டிலே மெழுகுதிரியைப் பிடித்துப் பார்க்கின்றனர். ஆலையில் அதன் வேகத்தையும் வெப்பத்தையும் இயந்திரம் காக்கிறது. வீட்டிலோ பொலியெஸ்டர் உருகித் துளி துளியாய் உறைந்து, மணியிலும் கடிய முள்ளாய் நிற்கும். கீழே இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் நிலைமை என்ன ஆகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இலவம்பஞ்சு தீயை மிக விரைவில் பற்றும் பொருள்களுள் ஒன்று.

பொசுக்குவதோடு ஆலைகள் நின்றுவிடவில்லை. இதிலே ஒரு சுவையான வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது சொலமன் தீவுகளில் பாளையமிட்டிருந்த அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்கள் விரைவாய் உக்கிப்போயின. ஆராய்ந்தபோது, பருத்தியைக் கரைத்து உண்ணும் ஒருவகைப் பூஞ்சணம் அகப்பட்டது. அதன்மீது நெடுங்காலம் ஆய்வு நடத்திய எல்வின் ரீஸ் என்பாரின் பெயரையே பின்னர் அதற்குச் சூட்டினர். பருத்தியைக் கரைக்கும் செலுலேஸ் என்னும் நொதியத்தை அப்பூஞ்சணத்திலிருந்து பெருமளவிற் பெற்று, துணியின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மயிர்முனைகளை மட்டும் அளவாகக் கரைக்க இன்று ஆலைகள் பயன்படுத்துகின்றன. கூடாரத்தை அழித்த பூஞ்சணம் துணியைக் காக்க வந்தது விந்தையே. சில சலவைத்தூள்களிலும் இந்நொதியம் சேர்க்கப்படுகிறது; உறையின்மேல் நொதியம் என்று குறித்திருக்கும். ஆனால் அது பருத்தி முனையைத்தான் கரைக்கும். பொலியெஸ்டர் நங்கூரத்தின் பக்கம் அது திரும்பியும் பாராது.

ஆலையின் வித்தை நமக்கெதற்கு? நம் வீடுகளில் அதற்கு நிகரான எளிய வித்தை ஒன்று முன்பே உண்டு. அதுதான் கஞ்சி. மெல்லிய சோற்றுக்கஞ்சியை வடித்து, நீர் சேர்த்து, அலசிய உறையை அதில் தோய்த்து உலர்த்தினால் மயிர்முனைகள் நூலோடு ஒட்டிப் படிந்துவிடும். சுணை எழாதபோது மணி ஏது? நெசவாளர் பாவுக்குக் கஞ்சி ஏற்றுவதும் ஏறத்தாழ இதே காரணத்துக்காகத்தான்: கஞ்சி ஏறாத பாவு நூல், அச்சிலும் விழுதிலும் உராய்ந்து பிசிறெழும்பி அயல் நூலோடு சிக்கி அறுந்துபோகும். கஞ்சியைத் தடிப்பாய்ப் போட்டால் உறை காகிதம்போல மொடமொடக்கும். கரப்பான் பூச்சியும் நாடும். ஆகவே நீர்க்கக் கரைத்ததே போதும். உறையை அலுமாரியில் நெடுநாள் அடுக்கிவைப்பதாயின் கஞ்சி போடாமலே வைக்க வேண்டும்.

துவைக்கும் முறையைப்பற்றிச் சில வார்த்தைகள் போதும். பைபோன்ற உறையாயின் உட்புறத்தை வெளியே திருப்பிக்கொள்க. அரைமணி நேரம் ஊறவைத்தால் அழுக்குத் தானே இளகும். அடிக்கவும் தூரிகையால் தேய்க்கவும் வேண்டாம். துவாய்களோடும் களிசான்களோடும் கூட்டித் துவைக்கலாகாது. துவாய் தன் பிசிறைக் கொடுக்கும். களிசானின் கொளுக்கியும் இழுபட்டியும் நூலைக் கொத்தி இழுக்கும். சலவை இயந்திரம் உள்ளவர்கள் தொட்டியை நிறையத் திணிக்காமல், மென்சலவையில், குறுகிய நேரம் ஓடவிடுக. பிழியும்போது முறுக்காமல் அமுக்கி நீரை எடுத்து, கொடியிற் போட்டு உலர்த்துக. முட்கம்பி வேலியிலும் பூவரசு வேலியிலும் உறைகளை எறிந்து உலர்த்தும் வழக்கம் நம்மிடையே இன்னும் போகவில்லை. கச்சான் காற்றில் அவை வேலியோடு அடிபடுவதைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு நெஞ்சு பதைக்கும். ஒவ்வொரு முறை விரிக்கும்போதும் தலைமாட்டுப் பக்கத்தைக் கால்மாட்டுக்கு மாற்றி விரித்தால் தேய்வு ஓரிடத்திலேயே விழாமற் பரவும்.

இத்தனையும் செய்தாலும், துணி தாழ்ந்ததாயின் மணி திரும்பவும் வரும். ஒவ்வொரு முறை சவரம் செய்யும்போதும் துணியில் ஒரு சிறு பகுதி குறைகிறது என்பதையும் மறக்கலாகாது. ஆதலின் வாங்கும்போதே தேர்ந்து வாங்குவதே மேலானது.

கடையில் துணியை இரு விரல்களுக்கிடையே பிடித்து, அதனோடு அதனையே அரைநிமிடம் தேய்த்துப் பாருங்கள். அவ்வளவிலேயே சுணை எழுந்தால் அவ்வுறையைத் திரும்பவும் மடித்து வைத்துவிட்டு வரலாம். இச்சோதனை விளையாட்டன்று. துணி ஆய்வுகூடங்களில் மார்ட்டின்டேல் பொறி என்ற ஒன்றில் துணியைத் துணியோடு தேய்த்து, மணி சற்றும் எழாவிட்டால் 5 என்றும் மிகக் கடுமையாக எழுந்தால் 1 என்றும் தரம் இடுகின்றனர்; அதன் எளிய வடிவமே நம் விரற்சோதனை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நெசவின் நெருக்கம் தெரியும். விளிம்பில் ஒரு நூலைப் பிரித்து முறுக்கவிழ்த்துப் பாருங்கள்: இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கிய இரட்டை நூல் ஒற்றை நூலைவிட மயிர்களை இறுகப் பிடிக்கும். 'மைக்ரோபைபர்' என்று அழகிய எழுத்தில் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் மிக நுண்ணிய பொலியெஸ்டரே. பட்டுப்போலிருக்கும், விலையும் மலிவு. அதன் இழை முனையற்ற நெடும் இழையாயின் தொடக்கத்தில் மணி எழாது; பித்தவெடிப்போ நகமோ கொத்தி இழை அறுந்த பின்னர் எழும் மணி எளிதில் உதிராது. எழுத்தை நம்பாதவர், வாங்கிய பின்னர் ஒரு நூலைச் சாமணத்தாற் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்தின்மேலே கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி, காகிதம்போல எரிந்து பொடிச்சாம்பலாகும்; பொலியெஸ்டர் உருகிக் கரிய கட்டியாய் உறையும்.

நமக்கு அண்மையிலேயே மருதமுனை இருக்கிறது. மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே கல்முனை வீதியிற் செல்வோர், கல்முனையை எட்டுமுன் காணும் ஊர் அது. சாரமும் சேலையும் படுக்கை விரிப்பும் கைத்தறியில் நெய்து நாடறிந்த பெயர் பெற்ற ஊர். 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை அவ்வூரையும் சூறையாடிற்று. ஆயினும் தறியின் ஓசை அற்றுப்போகவில்லை. பருத்தி இரட்டை நூலில் நெருங்க நெய்த கைத்தறி விரிப்பில், முதல் இரண்டு மூன்று சலவைகளில் சிறிது பிசிறு எழுந்து, பின்பு தானே அடங்கிவிடும். கலப்புத் துணி உறையைவிட விலை சற்றுக் கூடுதலாக இருக்கலாம். எனினும் இரண்டு மாதத்தில் கெடும் உறைக்கும் பல ஆண்டு உழைக்கும் விரிப்புக்கும் விலையை ஒப்பிடுபவர் மாதக்கணக்கையும் சேர்த்தே ஒப்பிடவேண்டும். நெசவாளரை ஆதரிக்கவேண்டுமென்ற இரக்கத்துக்காக நாம் இதைச் சொல்லவில்லை. துணி நல்லதென்பதாற் சொல்லுகிறோம். கைத்தறி என்ற பெயரில் கலப்பு நூலைத் தருபவரும் இருக்கலாம். விரற்சோதனையை அங்கும் மறவாதீர்கள்.

கட்டிலோடு இருக்கும் நோயாளருக்கு இவ்விஷயம் வெறும் அழகுப் பிரச்சினையன்று. புரண்டு படுக்க இயலாதவரின் இடுப்பின் பின்புறம், குதிகால், முழங்கை, தோட்பட்டை ஆகிய இடங்களில் உடற்பாரம் ஓரிடத்திலேயே அழுத்த, தோலுக்கு இரத்தவோட்டம் குறைகிறது. அதனோடு ஈரமும் உராய்வும் சேர்ந்தால் தோல் சிவந்து, உரிந்து, படுக்கைப் புண்ணாகும். பிசிறுமணிகள் திரள்வதும் அதே இடங்களிற்றான் என்பதைக் கவனியுங்கள். மாமி குத்துகிறது என்று சொல்வதை முணுமுணுப்பென்று தள்ளிவிடலாகாது; பக்கவாதத்தால் உணர்ச்சி குன்றிய பக்கத்தில் குத்துவது அவருக்குத் தெரியாமலே போகலாம் என்பதனால் அப்பக்கத்தைப் பிறர்தாம் பார்க்க வேண்டும். நாள்தோறும் ஒருமுறை அவ்விடங்களைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தபின்பும் சிவப்பு மாறாதிருந்தால் மருத்துவருக்கோ தாதிக்கோ தெரிவிக்கத் தாமதிக்க வேண்டாம். இரண்டு மணிக்கொருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது வழக்கமான விதி. மருத்துவர் வேறு சொன்னால் அதன்படி நடக்க. மாற்றும்போது இழுக்காமல் இருவராகத் தூக்கியே மாற்றவேண்டும். இழுப்பதனால் தோலும் தேயும், உறையும் தேயும்.

அத்தகையோருக்கு, வாங்கிய கலப்பு உறையை எறிந்துவிட வேண்டியதில்லை. மணிகளை நறுக்கிவிட்டு அதனை அடியில் விரித்து, மேலே நன்றாய்ப் பழகிய வெண்பருத்தி விரிப்பை மடிப்பு விழாமல் இழுத்துச் செருகுங்கள். இறப்பர் சீலை போடுவதாயின் அது இரண்டுக்கும் இடையே இருக்கட்டும். இவ்விரிப்புக்குக் கஞ்சி கூடாது.

நறுக்கி எடுத்த மணிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றை முற்றத்தில் ஊதிவிடாமல் ஒரு தாளிற் சேர்த்துக் குப்பையோடு கட்டிப் போடுக. பொலியெஸ்டர் மண்ணில் எளிதில் உக்காது. சலவை நீரோடும் அதன் நுண்ணிய துகள்கள் செல்லுகின்றன; உலகின் பல கடல்களிலும் மீன்களின் வயிற்றிலும் அத்தகைய இழைகளை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். நம் வாவி ஆழமற்றது. அதன் இறாலும் மீனும் நம் கறிச்சட்டிக்கே வருகின்றன. குறைவாகத் தேய்த்துத் துவைத்தால் துகளும் குறைவாகவே போகும்.

நடுப்பகுதி தேய்ந்துபோன பருத்தி விரிப்பைக் கந்தலுக்கு ஒதுக்குமுன் ஒரு தடவை தையற்காரியிடம் கொடுத்துப் பாருங்கள். நீளவாக்கில் நடுவே வெட்டி, தேயாத இரண்டு ஓரங்களையும் நடுவிற் சேர்த்துத் தட்டைத் தையலாகத் தைத்து, தேய்ந்த பக்கங்களை விளிம்பாக மடித்துத் தைத்தால் விரிப்பு இன்னும் ஒன்றிரண்டு ஆண்டு உழைக்கும். நடுத்தையல் முதுகில் உறுத்தும். ஆகையால் அதனை நோயாளர் கட்டிலுக்கு விரிக்காமல் பிள்ளைகளின் கட்டிலுக்கு விரித்துக்கொள்ளலாம்.